இலக்கை நீக்கினார்கள்... மருந்து அப்போதும் கொன்றது!

ஓ.டி.எஸ். 964 என்று ஒரு மருந்து. ஜப்பானில் உருவானது. பல புற்றுநோய்ச் செல்களில் பி.பி.கே. என்ற புரதம் மிகுதியாக இருக்கிறது, அதை முடக்கினால் செல்லால் பிரிய முடியாது, செத்துப்போகும் என்பது அதை உருவாக்கியவர்களின் கணக்கு. கணக்கு பலித்தது போலத்தான் தெரிந்தது. மனித நுரையீரல் புற்றுக்கட்டியைச் சுமந்த எலிகளுக்கு மருந்தைக் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. சில எலிகளில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தே போனது. 2014-ல் இந்த முடிவு வெளியானது.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஜேசன் ஷெல்ட்சர் என்ற இளம் ஆய்வாளர், பக்கத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, இப்படிப்பட்ட மருந்துகளைத் தோண்டித் துருவும் வேலையைத் தொடங்கினார். அவர்கள் எழுப்பிய கேள்வியை யாரும் எழுப்பியிருக்கலாம். பி.பி.கே. புரதமே இல்லாத செல்லுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியால் புற்றுநோய்ச் செல்களில் அந்த மரபணுவைச் சிதைத்தார்கள். பி.பி.கே. போன பிறகும் செல்கள் எதுவும் நடக்காதது போலப் பெருகிக்கொண்டிருந்தன. அதுவே முதல் அதிர்ச்சி. பிறகு மருந்தை ஊற்றினார்கள். மாற்றம் செய்யாத செல்கள் எந்த அளவு மருந்துக்குச் செத்தனவோ, அதே அளவுக்கு இவையும் செத்தன. எதைத் தாக்குவதாகச் சொல்லப்பட்டதோ அது செல்லுக்குள் இல்லவே இல்லை. ஆனாலும் செல் சாகிறது என்றால், மருந்து வேறு எதையோ தாக்குகிறது.

இதே சோதனைக்கு மொத்தம் பத்து மருந்துகளை உட்படுத்தினார்கள். பத்திலும் இதே கதை. அவற்றில் சில அப்போதே நோயாளிகளிடம் பரிசோதனைக் கட்டத்தில் இருந்தவை. 2019-ல் 'சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் இது வெளிவந்தது. ஓ.டி.எஸ். 964 உண்மையில் தாக்குவது எதை என்பதையும் அதே கட்டுரையில் சொன்னார்கள். சி.டி.கே. 11 என்ற நொதியை.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. எலியும் நோயாளியும் சொல்லாத சேதியை, ஆய்வகத்தில் ஓரிடத்தில் மட்டும் மாற்றிச் செய்த மனிதச் செல்கள் சொல்லிவிட்டன. சி.டி.கே. ஆராய்ச்சியில் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த பெரிய தெளிவுகளில் பல இப்படிச் 'செய்த' செல்களிடமிருந்து வந்தவைதான். மருந்துக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

ஈஸ்ட்டில் தொடங்கிய கதை

ஒரு செல் இரண்டாவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒரு முறை, ஒரே முறை, நகலெடுக்க வேண்டும். பிறகு அதைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். எதை எப்போது தொடங்குவது என்று முடிவு செய்யும் நொதிகள்தான் சி.டி.கே.க்கள். விரித்துச் சொன்னால், சைக்ளினைச் சார்ந்த கைனேஸ்கள். கைனேஸ் என்பது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. சி.டி.கே. தனியாக இருந்தால் சும்மா கிடக்கும். சைக்ளின் என்ற புரதம் வந்து சேர்ந்தால்தான் வேலை செய்யும். சைக்ளின் செல்லுக்குள் மெல்லச் சேர்ந்து, வேலை முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும். மறுபடியும் சேரும்.

இதைக் கண்டறிந்த மூவருக்கு 2001-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்ட்டில், பிரிவதில் கோளாறு உள்ள வகைகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலிட்டார். இங்கிலாந்தின் பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் செல் பிரிவை நடத்தும் சி.டி.கே. மரபணுவைக் கண்டார். டிம் ஹன்ட் 1982 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்துக்கொண்டு, கூடிக் குறையும் அந்த விசித்திரப் புரதத்தைப் பார்த்தார். அதற்குச் சைக்ளின் என்று பெயரும் வைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1987. மெலனி லீ என்ற ஆய்வாளரும் நர்ஸும் பிரிய முடியாமல் முடங்கிய ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களைக் கூட்டமாகச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று ஈஸ்ட்டைப் பிழைக்க வைத்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரு உயிரினங்களில், ஒன்றின் பாகம் மற்றொன்றில் அப்படியே பொருந்தியது. மனித சி.டி.கே. 1 கைக்கு வந்தது இப்படித்தான்.

ஈஸ்ட்டுக்குச் செல் பிரிவை நடத்த ஒரே ஒரு சி.டி.கே. போதும். மனிதனுக்கோ சுமார் இருபது. சிலது செல் பிரிவைக் கவனிக்கும். சிலது மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ.வாக எழுதும் வேலையை முடுக்கும். மொத்தக் கைனேஸ்களை எண்ணினால் ஐந்நூறுக்கும் மேல். எல்லாமே ஏ.டி.பி. என்ற ஒரே எரிபொருளை, ஏறக்குறைய ஒரே வடிவப் பள்ளத்தில் ஏற்றுக்கொள்கின்றன. மருந்து செய்பவர்கள் அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான். ஒன்றை அடைக்கச் செய்த மருந்து இன்னும் பத்தை அடைத்துவிடும்.

மும்பை மருந்து

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலிருந்து ரோஹிடுகின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது, ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் மும்பை ஆய்வு மையம். அதைத் திருத்தி உருவாக்கிய மருந்துதான் ஃபிளேவோபிரிடால். சி.டி.கே.க்களைத் தடுக்கும் மருந்துகளில் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது இதுவே. 1990-களில் அமெரிக்காவில் பெரும் எதிர்பார்ப்போடு பரிசோதனைகள் தொடங்கின.

செல் பிரிவை நடத்தும் சி.டி.கே.க்களை அது தடுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2000-ல் வேறொரு விஷயம் தெரியவந்தது. அது மிக வலுவாகப் பிடிப்பது சி.டி.கே. 9-ஐ. அந்த நொதிக்குச் செல் பிரிவோடு நேரடித் தொடர்பு இல்லை, மரபணுவைப் படிப்பதுதான் அதன் வேலை. அது நின்றால் குறைந்த ஆயுள் கொண்ட புரதங்கள் செல்லுக்குள் வறண்டுபோகும். செல்லைச் சாகாமல் காக்கும் புரதங்கள் சிலவும் அவற்றில் அடக்கம். மருந்து செல்லைக் கொன்றது உண்மைதான். எதன் வழியாகக் கொன்றது என்பது குழம்பிக் கிடந்தது. எந்த நோயாளிக்கு, எந்த அளவில், எதோடு சேர்த்துக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த 'எதன் வழியாக' என்பதைப் பொறுத்தது. ஃபிளேவோபிரிடால் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை.

ஷெல்ட்சர் குழு செய்தது என்ன?

ஓ.டி.எஸ். 964-க்கு வருவோம். மருந்து வேறு எதையோ தாக்குகிறது என்று தெரிந்தாயிற்று. ஐந்நூறு கைனேஸ்களில் எது? அவர்கள் எடுத்தது ஹெச்.சி.டி. 116 என்ற செல் லைனை. பெருங்குடல் புற்றுநோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து, பல்லாண்டுகளாக ஆய்வகங்களில் வளர்த்து வருவது. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு இதில் பழுதாகிவிட்டது. அதனால் பிழைகள் மளமளவென்று சேரும். இந்தப் பழுதே ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று.

செல்களைக் கொல்லும் அளவுக்கு மருந்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லாம் செத்தன. தப்பித்த சில செல்கள் கூட்டங்களாக வளர்ந்தன. அவற்றின் மரபணுக்களைப் படித்தபோது, தனித்தனியாகத் தப்பித்த கூட்டங்கள் பலவற்றில் ஒரே மரபணுவில் மாற்றம் இருந்தது. சி.டி.கே. 11 பி. அந்தப் புரதத்தின் 579-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய கிளைசீனுக்குப் பதில் செரீன். மருந்து போய் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது.

இங்கேயே கட்டுரை எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் தப்பித்த செல்களில் வேறு நூறு மாற்றங்களும் இருக்குமே? தப்பித்ததற்கு அவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாமே? அதனால் மருந்தையே பார்த்திராத புதிய செல்களை எடுத்து, கிரிஸ்பரால் அந்த ஒரே மாற்றத்தை மட்டும் உள்ளே எழுதினார்கள். அந்தச் செல்களை மருந்து அசைக்க முடியவில்லை. வழக்கு முடிந்தது.

மருந்தியலில் இதைவிட உறுதியான சாட்சியம் கிடையாது என்பது என் கட்சி. இலக்கை நீக்கிய செல், 'மருந்து இதைத் தாக்கவில்லை' என்று சொல்லும். இலக்கில் ஓர் எழுத்தை மாற்றியதும் மருந்துக்கு மசியாத செல், 'இதைத்தான் தாக்குகிறது' என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால் மறுபேச்சுக்கு இடமில்லை.

இதனால் ஒரு லாபமும் வந்தது. சி.டி.கே. 11-ஐ மட்டும் குறிவைத்துத் தடுக்க அதுவரை நல்ல வேதிப்பொருள் இல்லை. பெயர் மாறிக் கிடந்த மருந்து அந்தக் கருவியாக ஆனது. செக் நாட்டின் புர்னோ நகரில் டாலிபோர் பிளாசெக் குழு அதை வைத்து 2022-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது: ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலைக்கு எஸ்.எஃப். 3 பி 1 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டியாக வேண்டும், ஒட்டுவது சி.டி.கே. 11.

எந்தச் செல்லை எடுப்பது?

மனிதச் செல் என்றதும் பலருக்கும் நினைவு வருவது ஹீலா. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்தது. அந்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். செல்கள் இன்றும் வளர்கின்றன. அவற்றை வைத்து லாபம் பார்த்த ஒரு பெரிய அறிவியல் உபகரண நிறுவனம், அவருடைய குடும்பத்தோடு சமரசம் செய்துகொள்ள 2023 வரை ஆனது. அந்த அநியாயம் தனிக் கட்டுரைக்கு உரியது.

சி.டி.கே. ஆராய்ச்சிக்கு ஹீலாவில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தப் புற்றை உண்டாக்கிய பாப்பிலோமா வைரஸ், செல் பிரிவுக்குக் கடிவாளம் போடும் இரண்டு முக்கியப் புரதங்களை, பி53, ஆர்.பி. ஆகியவற்றை, செயலற்றவையாக்கிவிட்டது. சி.டி.கே.க்களை யார் தடுக்கிறார், யார் தூண்டுகிறார் என்று பார்க்கப் போனால், அந்தத் தொடரின் பாதிக் கண்ணிகள் ஏற்கெனவே அறுந்து கிடக்கும்.

அதனால் இரண்டு லைன்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று, மேலே பார்த்த ஹெச்.சி.டி. 116. அதில் பி53 நன்றாக இருக்கிறது. குரோமோசோம்களும் ஏறக்குறைய இயல்பான எண்ணிக்கை. கிரிஸ்பர் வருவதற்கு நெடுநாள் முன்பே, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பாடுபட்டு இதில் மரபணுக்களை நீக்கிக் காட்டியது. 1995-ல் பி21, 1998-ல் பி53. பி21 என்பது சி.டி.கே.க்களின் மேல் போய் ஒட்டி அவற்றை நிறுத்தும் புரதம். டி.என்.ஏ. அடிபட்டால் பி53 எழும், பி21-ஐ உண்டாக்கும், பி21 சி.டி.கே.யை நிறுத்தும். மனிதச் செல்லில் இந்தத் தொடரை மறுக்க முடியாதபடி நிலைநாட்டியது இந்த நீக்கிய செல்கள்தான்.

மற்றொன்று ஆர்.பி.ஈ. 1. இது புற்றுநோய்ச் செல்லே அல்ல. கண்ணின் விழித்திரை நிறமிப் படலத்துச் செல். இயல்பான செல்லை வெளியே வளர்த்தால் சில பத்து முறை பிரிந்ததும் நின்றுவிடும். குரோமோசோம் முனைகள் தேய்வதுதான் காரணம். 1998-ல் டெலோமரேஸ் நொதியின் மரபணுவைச் செலுத்தி, முனை தேயாமல் செய்து, இதற்கு ஓயாமல் பிரியும் திறனைக் கொடுத்தார்கள். செல் பிரிவு ஆராய்ச்சியில் இன்று அதிகம் புழங்கும் செல் இதுவாகவே இருக்கும். பத்தாவது குரோமோசோமின் ஒரு துண்டு இதில் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை, மாசற்ற செல் என்று எதுவும் கிடையாது.

நீக்குவதும் தடுப்பதும் ஒன்றல்ல

இனி வருவது கொஞ்சம் நுணுக்கமான பகுதி. இந்த ஆராய்ச்சியின் சாரமே இதில்தான் இருக்கிறது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

1993-ல் பாஸ்டனில் எட் ஹார்லோ ஆய்வகம், செயலிழந்த சி.டி.கே. 2-ஐ மனிதச் செல்களுக்குள் மிகுதியாகச் செலுத்தியது. செல்கள் டி.என்.ஏ. நகலெடுக்கும் கட்டத்துக்குள் போக முடியாமல் நின்றன. சி.டி.கே. 2 இல்லாமல் மனிதச் செல் பிரியாது என்று பாடப்புத்தகங்களில் ஏறியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2003-ல், இரண்டு ஆய்வகங்கள் சி.டி.கே. 2 மரபணுவே இல்லாத எலிகளைப் பிறக்க வைத்தன. எலிகள் ஓடியாடித் திரிந்தன. இனப்பெருக்கம்தான் செய்ய முடியவில்லை, மற்றபடி குறை இல்லை. அதே ஆண்டு, சில புற்றுநோய்ச் செல்களும் சி.டி.கே. 2 இல்லாமல் பெருகுகின்றன என்று இன்னொரு கட்டுரை வந்தது. புத்தகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. சி.டி.கே. 2-ஐக் குறிவைத்த மருந்து முயற்சிகளிலும் ஆர்வம் குன்றியது.

எது உண்மை? இரண்டும்தான். மரபணுவை நீக்கினால் அந்தப் புரதம் செல்லில் இருக்காது. அது பிடித்துவைத்திருந்த சைக்ளின் இப்போது சும்மா கிடக்கும். சி.டி.கே. 1 வந்து அதை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். ஆனால் மருந்து கொடுக்கும்போது புரதம் காணாமல் போவதில்லை. சைக்ளினைக் கட்டிக்கொண்டு, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. வேறு யாரும் அந்த இடத்துக்கு வர முடியாது. ஒன்றின் முடிவைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்கக் கூடாது.

அப்படியானால் புரதம் இருக்க வேண்டும், நாம் நினைத்த நேரத்தில் அது மட்டும் நிற்க வேண்டும், மற்ற ஐந்நூறு கைனேஸ்களில் எதுவும் அசையக் கூடாது. இதற்கு வழி சொன்னவர் கெவன் ஷோகாட் என்ற அமெரிக்க வேதியியலாளர். எல்லாப் பள்ளங்களும் ஒரே வடிவம் என்றால், நமக்கு வேண்டிய ஒன்றின் பள்ளத்தை மட்டும் மரபணு வழியாக நாமே பெரிதாக்கிவிடுவோம் என்றார். சி.டி.கே. 2-இல் 80-ஆம் இடத்தில் பருத்த அமினோ அமிலமான ஃபினைல் அலனின் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மிகச் சிறிய கிளைசீனை வைத்தால் உள்ளே இடம் கிடைக்கும். பிறகு, சாதாரணப் பள்ளம் எதிலும் நுழைய முடியாத பெரிய உருவில் தடுப்பான் ஒன்றைச் செய்ய வேண்டும். பழைய வீட்டின் நிலைப்படியை இடித்து அகலமாக்கினால் பத்தாயம் உள்ளே போகும், தெருவில் வேறு எந்த வீட்டுக்குள்ளும் நுழையாது, அந்தக் கதைதான். 2000-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் ஈஸ்ட்டின் சி.டி.கே.யிலும் இது பலிப்பதைக் காட்டினார்கள்.

மனிதச் செல்லில் இதைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. இரண்டு மரபணு நகல்களிலும் மாற்றம் வர வேண்டும். நியூயார்க்கில் ராபர்ட் ஃபிஷர் ஆய்வகம் ஹெச்.சி.டி. 116-இல் அதைச் செய்து முடித்தது. 2007-ல் சி.டி.கே. 7-க்கு. மற்ற சி.டி.கே.க்களை முடுக்கிவிடும் நொதி அது. உயிருள்ள மனிதச் செல்லில் சி.டி.கே. 1, சி.டி.கே. 2 இரண்டுக்குமே அது வேண்டும் என்பது அப்போதுதான் ஐயமற உறுதியானது. பிறகு 2011-ல் சி.டி.கே. 2-க்கு. தடுப்பானை ஊற்றியதும் செல்கள் பெருகத் திணறின. நீக்கினால் சமாளிக்கும் செல், தடுத்தால் தடுமாறுகிறது. எட்டு ஆண்டுக் குழப்பத்துக்கு இந்த ஒரு செல் லைன் விடை சொன்னது.

இன்னொரு சுவாரசியமும் அதில் இருந்தது. பள்ளத்தைப் பெரிதாக்கியதில் புரதமே கொஞ்சம் தளர்ந்துவிட்டது, சைக்ளினைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. பெரிய உருவ வேதிப்பொருளைப் பள்ளத்தில் வைத்ததும் அந்தத் தளர்ச்சி சரியானது. தடுக்காத வகைப் பொருளை வைத்தால் சி.டி.கே. 2 மீண்டும் வலுப்பெற்றது, தடுக்கும் வகையை வைத்தால் நின்றது. ஒரே செல்லை ஒரு பொருளால் முடுக்கலாம், மற்றொன்றால் நிறுத்தலாம். மாற்றம் செய்த செல்லும் முழு இயல்பான செல் அல்ல என்ற எச்சரிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது. அதை மறைக்காமல் கட்டுரையின் மையமாகவே வைத்தார்களே, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

நெற்பயிரிலிருந்து ஒரு கருவி

தடுப்பது ஒரு வழி. இன்னொரு வழி, புரதத்தைச் சில நிமிடங்களில் அழித்துவிடுவது. செல் சுதாரித்து மாற்று ஏற்பாடு செய்வதற்குள் கேள்வியைக் கேட்டு முடித்துவிடலாம்.

இதற்கு ஜப்பானின் மசாட்டோ கனெமாக்கி செடிகளிடம் போனார். செடிகளில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உண்டு. அது வந்ததும் டி.ஐ.ஆர். 1 என்ற புரதம் சில குறிப்பிட்ட புரதங்களைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும். மனிதச் செல்லில் ஆக்சினுக்கு இப்படி ஒரு வேலை இல்லை. நெற்பயிரின் டி.ஐ.ஆர். 1-ஐ விலங்குச் செல்லுக்குள் வைத்து, அழிக்க வேண்டிய புரதத்தின் வாலில் செடிப் புரதத்தின் ஒரு துண்டை ஒட்டினால், ஆக்சின் ஊற்றியதும் அது அழிகிறது. 2009-ல் வெளியான இந்த உத்தியை கிரிஸ்பர் வந்த பிறகு எல்லோரும் கையாளத் தொடங்கினார்கள். செல்லின் சொந்த மரபணுவிலேயே அந்த வாலைத் தைத்துவிடலாம்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெல்ஃப்ரிட் ஹோச்செகர் குழு இதை ஆர்.பி.ஈ. 1 செல்லில் சைக்ளின்களுக்குச் செய்தது. ஒரு வாலோடு நிற்கவில்லை. ஆக்சினுக்கு மசியும் வாலோடு, ஹெப்படைட்டிஸ் சி மருந்து ஒன்றுக்கு மசியும் இன்னொரு வாலையும் சேர்த்தார்கள். புதிதாக உருவாவதை ஒன்று கவனிக்கும், ஏற்கெனவே இருப்பதை மற்றொன்று கவனிக்கும். 2020-ல் வந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. செல் பிரிவைத் தொடங்கி வைப்பது சைக்ளின் வகைகளில் ஒன்றான சைக்ளின் பி என்றுதான் காலகாலமாகச் சொல்லிவந்தார்கள். சைக்ளின் பி இல்லாத செல்லும் பிரிவுக்குள் நுழைந்தது, முடிக்கத்தான் முடியவில்லை. நுழையவே முடியாமல் நின்றது சைக்ளின் ஏ-யை இழந்த செல்.

பார்க்கும் கருவிகளும் வந்துவிட்டன. 2013-ல் ஸ்டான்ஃபோர்டில் சப்ரினா ஸ்பென்சரும் டோபியாஸ் மேயரும், சி.டி.கே. 2 பாஸ்பேட் ஒட்டினால் செல்லின் கருவிலிருந்து வெளியேறும் ஒரு புரதத் துண்டுக்கு ஒளிரும் நிறத்தைப் பூட்டி, மார்பகச் செல்களுக்குள் வைத்தார்கள். நிறம் கருவுக்குள் இருந்தால் சி.டி.கே. 2 ஓய்வு, வெளியே பரவினால் வேலை. உடன்பிறந்த இரண்டு செல்களில் ஒன்று பிரிந்த கையோடு அடுத்த சுற்றுக்குக் கிளம்புவதும், மற்றொன்று பி21-ஐ ஏற்றிக்கொண்டு ஓய்வுக்குப் போவதும் கண்ணெதிரே தெரிந்தன.

மருந்துக்கடைக்கு வந்தது

இதெல்லாம் ஆய்வக விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கான பால்போசிக்ளிப் மாத்திரையைப் பற்றி இன்று நம்மூர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளில் தெரியாதவர் இல்லை. சி.டி.கே. 4, 6 ஆகியவற்றை மட்டும் தடுப்பது. மூலக்கூறு பல ஆண்டுகளாகக் கையில் இருந்தும், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கிடந்தது. கலிஃபோர்னியாவில் ரிச்சர்டு ஃபின், டென்னிஸ் ஸ்லாமன் குழு 47 மார்பகச் செல் லைன்களில் அதைச் சோதித்தது. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் வகைகள்தான் மிகுதியாக அடங்கின. 2009-ல் வந்த அந்த முடிவே மருத்துவப் பரிசோதனைக்கு வழி காட்டியது. ஹார்மோன் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்தது 10.2 மாதங்கள், இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 20.2 மாதங்கள். 2015 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இந்தியாவில் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலை சரிந்தது.

ஆர்.பி. புரதத்தை இழந்த செல்லில் இந்த மாத்திரை பலிக்காது என்பதையும் செல் லைன்களே முதலில் சொல்லிவிட்டன. மருந்துக்கு மசியாமல் போன நோயாளிகள் சிலரின் கட்டிகளில் பின்னர் அதையே கண்டார்கள்.

செல்லும் ஏமாற்றும்

செல் லைனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்ததாக எல்லோரும் நம்பிய 18 செல் லைன்களைச் சோதித்து, அவையெல்லாம் ஹீலாவாகவே தெரிகின்றன என்று அறிவித்தார். அந்தத் தொல்லை இன்னும் ஒழியவில்லை. 2018-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எம்.சி.எஃப். 7 என்ற ஒரே மார்பகச் செல் லைனின் 27 கிளைகளை ஒப்பிட்டார்கள். சில கிளைகளைப் பலமாக அடக்கிய மருந்துகளில் குறைந்தது முக்கால்வாசி, வேறு சில கிளைகளை ஒன்றும் செய்யவில்லை.

கிரிஸ்பரிலும் ஒரு பொறி இருக்கிறது. டி.என்.ஏ.வை வெட்டினால் செல் அதைக் காயமாக எடுத்துக்கொள்ளும். பி53 எழும், பி21 வரும், சி.டி.கே. நிற்கும். நாம் ஆராய வந்த நொதியையே நம் கத்தரி நிறுத்திவிடுகிறது! 2018-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் ஆர்.பி.ஈ. 1 செல்லில் இதைக் காட்டினார்கள். பி53 பழுதான செல்களே எளிதாகத் தப்பி வளரும் என்பதால், திருத்திய செல் என்று நாம் பொறுக்கி எடுப்பது பழுதான செல்லாக இருந்துவிடலாம். இதையெல்லாம் சரிபார்க்காமல் வரும் முடிவை ஏற்பதற்கில்லை.

நம் நாட்டில் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் செல் லைன்களைப் பாதுகாத்து ஆய்வகங்களுக்கு வழங்குகிறது. இங்கே ஒவ்வோர் ஆண்டும் மூலிகைச் சாறும் புதிய வேதிப்பொருளும் 'சி.டி.கே.யைத் தடுத்துப் புற்றுநோயைக் கொல்கிறது' என்று எத்தனையோ ஆய்வேடுகள் வருகின்றன. பெரும்பாலும் கணினியில் பொருத்திப் பார்த்த படமும், செல் செத்ததைக் காட்டும் வரைபடமுமே அவற்றில் சான்று. செல்லைக் கொல்வது பெரிய வித்தையல்ல, உப்பை அள்ளிப் போட்டாலும் செத்துவிடும். அந்த இலக்கு இல்லாத செல்லிலும், இலக்கில் ஓரெழுத்து மாறிய செல்லிலும் போட்டுப் பார்த்தீர்களா என்று ஆய்வேட்டைத் திருத்துபவர்கள் கேட்க வேண்டும். நிதி தருபவர்களும், மனிதர்களிடம் பரிசோதிக்க அனுமதி தரும் அதிகாரிகளும் அதையே கேட்க வேண்டும். மரபணுவை மாற்றிய செல்லைச் செய்ய ஆகும் செலவு, ஒரு மருத்துவப் பரிசோதனைச் செலவில் தூசு. அந்தச் சோதனையைச் செய்யாத மருந்தை நோயாளியின் உடலில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.